ஓடைக்கரையில் காது வேண்டாம்

நமக்குக் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. டிசம்பர், ஜனவரி என்றால் கிளந்தான், திரங்கானு பக்கம் வெள்ளம் வரும். நம் பக்கம் சாயங்கால மழை பிடிக்கும். தைப்பூச விரதம் இருப்பவர்கள் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு "குளிருதுலா" என்பார்கள். அவ்வளவுதான் நம் குளிர். ஆனால் வடக்கே இருக்கும் எத்தனையோ பறவைகளுக்கு நம் நாடுதான் குளிர்கால வீடு. செப்டம்பர் வாக்கில் அவை ஒவ்வொன்றாக வந்து இறங்கும். கோலசிலாங்கூர் சேற்றுத் திட்டுகளில் உள்ளான்கள், ஃபிரேசர் மலைச் சாலையில் வாலாட்டிகள் என்று ஏப்ரல் வரை நம்மோடு இருந்துவிட்டுத் திரும்பிப் போகும்.

அந்த விருந்தாளிகளை வார இறுதிகளில் தேடிப் போய்ப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. ஒரு முறையாவது குளிர் இருக்கிற இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வெகு நாளாக இருந்தது. போன ஜனவரியில்தான் அது நிறைவேறியது. போன இடம் வட இந்தியாவில் உத்தராகண்ட் மாநிலத்து நைனித்தால் மாவட்டத்தில் உள்ள சாத்தால். இந்தியில் 'சாத்' என்றால் ஏழு, 'தால்' என்றால் ஏரி. ஓக் மரமும் பைன் மரமும் சூழ்ந்த மலையில் சின்னச் சின்ன ஏரிகள். உயரம் ஏறத்தாழ நம் கேமரன் மலை தானா ராத்தா அளவுதான், கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஆனால் ஜனவரிக் காலையில் புல் நுனியெல்லாம் வெள்ளையாக உறைந்திருக்கும்.

இவ்வளவு குளிரில் பறவை ஏன் அங்கே வருகிறது என்று கேட்கலாம். மேலே இன்னும் குளிர் என்பதுதான் பதில். கோடையில் இமயமலையின் உயரத்தில், பனிக்கோட்டுக்குப் பக்கத்தில் வாழும் பறவைகள் பல, குளிர் முற்றியதும் சைபீரியப் பறவைகளைப் போல நாடு கடந்து பறப்பதில்லை. மலையிலிருந்து கீழே இறங்கி வந்துவிடுகின்றன. தோட்டத்தில் வெள்ளம் வந்தால் மேட்டு லயத்துக்கு மாறுவது போல, இது பள்ளத்துக்கு மாறுவது. அப்படி இறங்குகிறவற்றுக்கு சாத்தால் ஒரு தங்குமிடம். அதனால்தான் குளிர்காலத்தில் பறவை பார்ப்பவர்கள் அங்கே கூடுகிறார்கள்.

எனக்குத் துணையாக வந்தவர் அப்பா.

கேட்காமல் போன தேன்சிட்டு

அப்பாவுக்கு 69 வயது. பேராக்கில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், கொதிகலன் பகுதியில் 31 வருடம் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் காதுக்கு ஏதாவது பாதுகாப்பு இருந்ததா என்று கேட்டால் சிரிப்பார். "பஞ்சு வச்சுக்குவோம். மண்டோர் கூப்பிட்டா கேட்காதுன்னு அதையும் புடுங்கிப் போட்டுருவோம்." ஓய்வு பெற்ற பிறகு அம்மாவோடு கிள்ளானுக்கு வந்து எங்களுடன் இருக்கிறார்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலையில், வீட்டு முன்னால் நின்று, "இப்பல்லாம் தேன்சிட்டு வர்றதே இல்லை. எல்லா மரத்தையும் வெட்டிட்டானுங்க" என்றார். அவருக்குப் பின்னால் இருந்த செம்பருத்திச் செடியில் ஒரு தேன்சிட்டு உட்கார்ந்து விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

காது கெடுவது ஒரே அடியாக நடப்பதில்லை. உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒலியைப் பிடிக்கும் நுண்ணிய மயிரணுக்கள் வரிசையாக இருக்கின்றன. வாசல் பக்கம் இருப்பவை கீச்சென்ற உயர்ந்த ஒலிகளையும், உள்ளே தள்ளி இருப்பவை தாழ்ந்த ஒலிகளையும் பிடிக்கின்றன. வயதானாலும் சரி, இரைச்சலில் உழைத்தாலும் சரி, முதலில் தேய்வது பெரும்பாலும் அந்த வாசல் பக்கத்து அணுக்கள். தேய்ந்தவை மறுபடி முளைப்பதில்லை. அதனால்தான் லாரி போவது கேட்கும், உறுமி கேட்கும், தேன்சிட்டு கேட்காது. பேச்சிலும் அதே கதைதான். உயிரொலிகள் கேட்கும். ச, த, ஸ போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். யாரோ பேசுவது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது.

இது வீட்டில் எப்படித் தெரியும் என்றால், மனிதர் மெதுவாக ஒதுங்க ஆரம்பிப்பார். தீபாவளியன்று உறவுக்காரர்கள் எல்லாம் கூடி ஒரே நேரத்தில் பேசுவோம். மேலே விசிறி ஓடும், பிள்ளைகள் கத்துவார்கள். யாராவது ஒரு கதை சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா ஒரு நொடி தாமதமாக, மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரிப்பார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய் டிவி முன் உட்கார்ந்துவிடுவார். காது கேட்கும் கருவி பற்றிப் பேச்சு எடுத்தால், "அது கிழவனுங்க மாட்டுறது" என்று முடித்துவிடுவார்.

நான் சாத்தால் போவதாகச் சொன்னதும் அம்மாதான், "நீ அவரையும் கூட்டிக்கிட்டுப் போ. தோட்டத்துல இருந்தப்ப ஒரு குருவி விடாம பேர் சொல்லுவாரு" என்றார். எனக்குத் தயக்கமாக இருந்தது. பறவை பார்ப்பது என்று பெயர்தானே தவிர, அதில் பாதி வேலை காதுக்குத்தான்.

புன்னகைத்துக்கொண்டு நின்றவர்

கோலாலம்பூரிலிருந்து டெல்லிக்கு விமானம். அங்கிருந்து ராணிக்கேத் எக்ஸ்பிரஸ் என்ற இரவு ரயில். சமவெளி முழுக்க மூடுபனி என்பதால் வண்டி ஊர்ந்து ஊர்ந்துதான் காத்கோதாம் போய்ச் சேர்ந்தது. தண்டவாளம் அங்கே முடிகிறது. அதற்கு மேல் மலை, வளைந்து வளைந்து ஏறும் சாலை. வழியில் கடைத்தெருவில் அப்பா தனக்கு ஒரு குரங்குத் தொப்பி வாங்கிக்கொண்டார். "காதுதான் கேட்கலையே, மூடியே வச்சுக்கிறேன்" என்றார். தன் காதைப் பற்றி அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பையைத் தூக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை, சூரியன் வருவதற்கு முன்பே கிளம்பினோம். எங்கள் வழிகாட்டி அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர். அவருக்கு இந்தியும் கொஞ்சம் ஆங்கிலமும் தெரியும். அப்பாவுக்குத் தமிழும் மலாயும் தெரியும். அப்பாவை அவர் 'அங்கிள் ஜி' என்றார். அப்பா அவரைத் 'தம்பி' என்றார். இரண்டும் இருவருக்கும் பிடித்திருந்தது.

குளிர்காலக் காட்டில் முதல் அரை மணி நேரம் ஒன்றுமே இருக்காது. காலடியில் காய்ந்த ஓக் இலை நொறுங்கும், மூச்சு புகையாக வரும். பறவையே இல்லாத காடு என்று நினைக்கத் தோன்றும். பிறகு திடீரென்று ஒரு மரம் முழுக்க உயிர் வந்துவிடும். குளிர்காலத்தில் சின்னப் பறவைகள் இனம் பார்க்காமல் ஒன்று சேர்ந்து கூட்டமாக இரை தேடிப் போகும். பல கண்கள் இருந்தால் வல்லூறை முன்கூட்டியே பார்க்கலாம் அல்லவா? பறவை பார்ப்பவர்கள் இதை 'அலை' என்கிறார்கள். அலை வரும், தலைக்கு மேலே நிறையும், சில நிமிடத்தில் கடந்து போய்விடும். மறுபடி அமைதி.

எங்கள் தலைக்கு மேலும் வந்தது. செம்பழுப்புத் தலையும் கறுப்புத் தொண்டையுமாக, கட்டைவிரல் அளவு கறுந்தொண்டைச் சிட்டுகள் பஞ்சு உருண்டைகள் போலக் கிளைக்குக் கிளை தாவின. மரத்தண்டில் தலைகீழாக நடந்து இறங்கும் பசையெடுப்பான் ஒன்று. வாலை விசிறியாக விரித்துச் சுழன்ற விசிறிவாலி ஒன்று. பச்சை இலைக்குள் பச்சையாக ஒளியும் கதிர்க்குருவிகள். வழிகாட்டி தலையை உயர்த்துவதற்கு முன்பே பெயர் சொல்லிவிடுவார். காதால் பிடித்து, கண்ணால் சரிபார்ப்பார். நானும் அப்படித்தான் அந்தத் திசையில் திரும்பினேன். அப்பா எங்கள் விரலைப் பார்த்து, பிறகு மரத்தைப் பார்த்து, தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் கிளை காலியாகிவிடும். நான்கைந்து முறை இப்படியே ஆனது.

அடுத்தது டெசியா. செம்பழுப்புத் தலை, மஞ்சள் வயிறு, வால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு குட்டிப் பறவை. ஓடைப் பக்கத்துப் புதரின் அடியில், ஈர இலைகளுக்கு நடுவே இருக்கும். கண்ணில் படுவது அபூர்வம், ஆனால் ஊசி குத்துவது போன்ற அதன் குரல் காட்டிக்கொடுத்துவிடும். வழிகாட்டி கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். குரல் எங்கள் முழங்கால் உயரத்தில், இடமிருந்து வலமாக நகர்ந்து போவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு புன்னகையோடு நின்றிருந்தார். தீபாவளிச் சாப்பாட்டு மேசையில் பார்த்த அதே புன்னகை. அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்து, அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்திருப்பது போல எனக்குத் தோன்றியது.

அந்தக் காட்டில் அவருக்கென்று கிடைத்தது ஒரே ஒரு குரல். சரிவுக்குக் கீழே வெள்ளைக் கொண்டைச் சிரிப்பான்களின் கூட்டம் ஒன்று இருந்தது. முதலில் ஒன்று மெல்லத் தொடங்கும், இன்னொன்று சேரும், பிறகு பத்துப் பதினைந்தும் சேர்ந்து குடித்தவர்கள் மாதிரி கெக்கலிக்கும். எங்களுக்கு முன்பே அப்பா திரும்பிவிட்டார். "இது கேட்குது! சம்பளம் போட்ட அன்னிக்கு ராத்திரி லயத்துல இப்படித்தான் சிரிப்பானுங்க" என்றார். வழிகாட்டிக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தண்ணீர் இறங்கும் இடம்

பத்து மணிக்கு மேல் ஓடைக்கு இறங்கினோம். பீம்தால் பக்கத்தில் சாஃபி என்ற சிற்றூரை ஒட்டி, உருண்டைப் பாறைகளுக்கு நடுவே ஓடும் ஆறு அது. ஆறு என்று சொன்னாலும், வெயில் காலத்து உலுலங்காட் ஓடை அளவுதான். ஆனால் வேகம் அதிகம். கரைக்கு வந்ததும் வழிகாட்டி ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்றேன். அது அவருக்குக் கேட்கவில்லை. தண்ணீர் பாறையில் மோதும் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

அப்பா மட்டும் எந்தச் சிரமமும் இல்லாமல் ஒரு பாறையில் போய் உட்கார்ந்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கையை உயர்த்தி இரண்டு விரலை நீட்டினார். பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து, தண்ணீர் மட்டத்தைக் காட்டி, விரலை மேலும் கீழும் ஆட்டினார். தண்ணீர் ஓரம், இரண்டு, வாலை ஆட்டுகிறது. வழிகாட்டிக்கு அது உடனே புரிந்தது. அவரும் கையாலேயே பதில் சொன்னார்.

அங்கே இருந்தது வெள்ளைத் தலைச் செவ்வாலி. உடல் கறுப்பு, வயிறும் வாலும் செங்கல் நிறம், உச்சந்தலையில் சுத்தமான வெள்ளை. பெரியவர்கள் தொழுகைக்குப் போடும் வெள்ளைக் கோப்பியா போலவே இருந்ததால் அப்பா அதற்குக் 'கோப்பியா' என்று பெயர் வைத்துவிட்டார். நம் ஊரில் இல்லாத பறவைக்கு நமக்குத் தெரிந்த பெயர் வைப்பதில் தப்பில்லை. கோடையில் இந்தக் கோப்பியா பனி உருகும் ஓடைகளின் ஓரம் இருக்கும். குளிருக்கு இங்கே இறங்கி வந்திருக்கிறது. பாறைக்குப் பாறை தாவி, ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு முறை செவ்வாலை விரித்து மடக்கியது.

கொஞ்சம் தள்ளி, சாம்பல் நீலத்தில் இன்னொரு செவ்வாலி. ஆணுக்குத் துருப்பிடித்த சிவப்பு வால், பெண்ணுக்கு வாலின் அடியில் வெள்ளை. கத்தரிக்கோலைத் திறந்து மூடுவது போல விடாமல் வாலை விரித்து மூடிக்கொண்டே இருந்தன. பிறகு கறுப்பு வெள்ளையில் முட்கரண்டி மாதிரி நீண்ட வாலுடைய முள்வாலி ஒன்று, பட்டுப்புடவைக்காரி படியிறங்குவது போல அந்த வாலை இரு பக்கமும் அசைத்துக்கொண்டு தண்ணீர் ஓரம் நடந்தது. அடுத்து வந்ததைப் பார்த்ததும் அப்பா என் முழங்கையைத் தட்டினார். சாம்பல் முதுகு, மஞ்சள் அடிவயிறு, ஓயாமல் ஆடும் வால். சாம்பல் வாலாட்டி. ஒவ்வோர் ஆண்டும் இதே மாதங்களில் நம் மலை ஓடைகளுக்கும் வரும் அதே இனம். 'நம்ம ஊரு' என்று உதட்டசைவிலேயே சொன்னார். எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

அந்தக் கரையில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அங்கே இருக்கும் பறவை எல்லாமே எதையாவது ஆட்டிக்கொண்டிருந்தது. காட்டில் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இப்படிச் செய்யவில்லை.

இதற்குக் காரணம் தண்ணீர் என்று சொல்கிறார்கள். ஓடை எழுப்பும் இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த ஒலி. அதற்குள் தாழ்ந்த குரலில் கத்தினால் பத்தடி தள்ளி இருப்பதற்குக் கேட்காது. இமயமலை ஓடைப் பறவைகளின் குரலைப் பதிவு செய்து ஆராய்ந்தவர்கள், அவை மெல்லியதாகவும் உயர்ந்ததாகவும், இரைச்சலுக்கு மேலே மிதக்கும்படி இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஓடைக்கரையில் இருக்கும் நீலச் சீழ்க்கைப் பறவையின் கூர்மையான விசில் அதற்கு நல்ல உதாரணம். இந்தப் பறவை நம் நாட்டுச் சுண்ணாம்புக் குன்றுகளிலும் உண்டு. குரலோடு கண்ணுக்கும் ஏதாவது காட்டிவிடுவது இன்னொரு வழி. வெள்ளைத் தொப்பி, சிவப்பு வால், விரித்து மூடும் விசிறி எல்லாம் 'நான் இங்கே இருக்கிறேன், இது என் பாறை' என்று எதிர்க்கரைக்குச் சொல்லும் செய்தி. வாலாட்டுவதற்கு வேறு காரணங்களும் சொல்கிறார்கள். பூச்சியைக் கிளப்பிவிட என்பார்கள். 'உன்னைப் பார்த்துவிட்டேன்' என்று எதிரிக்குக் காட்ட என்றும் சொல்வார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் இருக்கலாம். ஆனால் சத்தம் மிகுந்த இடத்தில் கண்ணுக்குப் பேசுவது வீணாகாது என்பது கரையில் உட்கார்ந்த யாருக்கும் புரியும்.

இவற்றில் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது பழுப்பு நீர்முழுகி. மைனா அளவில் ஒரு தடித்த பறவை. நிறம் முழுக்கக் கோப்பித் தூள். அது ஒரு பாறையில் நின்று நான்கைந்து முறை முட்டியை மடக்கி எழுந்தது. பிறகு யாரோ கூப்பிட்டது போல நேராகத் தண்ணீருக்குள் நடந்து போய்விட்டது. பறவைதான், வாத்து இல்லை, காலில் சவ்வும் இல்லை. நீருக்கடியில் இறக்கையை வீசி, கல்லைப் புரட்டிப் புழுக்களைப் பொறுக்கும். கொஞ்ச நேரம் கழித்து எதிர்பாராத ஓர் இடத்தில் மேலே வந்து, உடம்பில் ஒரு துளி ஒட்டாமல் உதறிவிட்டு நின்றது. தொலைநோக்கியில் பார்த்தால் அதன் கண் மின்னி மின்னி மறைவது தெரியும். இமையில் வெள்ளை நிறத்தில் சிற்றிறகுகள் இருப்பதால், ஒவ்வொரு முறை கண்ணை மூடும்போதும் அந்த இருண்ட முகத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி எரிந்து அணையும். அப்பா அதையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொதிகலன் பாஷை

மதியம் கரையை விட்டுக் கொஞ்சம் ஏறி, சாலையோரக் கடையில் இஞ்சி தேநீர் குடித்தோம். அங்கே பேச்சு கேட்கும் அளவுக்கு ஆற்றின் சத்தம் குறைந்திருந்தது. ஓடையில் எங்களுக்கு முன்பே எல்லாவற்றையும் எப்படிப் பார்த்தார் என்று வழிகாட்டி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"ஆலையில எல்லாமே கைதான். உள்ள நின்னா பக்கத்துல இருக்கிறவன் கத்தினாலும் கேட்காது" என்றார் அப்பா. பிறகு எங்கள் இருவருக்கும் கொதிகலன் பாஷையைக் கற்றுக்கொடுத்தார். முஷ்டியை மூடிக் கீழே இழுத்தால் நீராவியைக் குறை. இரண்டு விரலால் வட்டம் போட்டால் வால்வைத் திற. கழுத்தைத் தொட்டால் நிறுத்து. கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் தேத்தண்ணிக்கு நேரமாச்சு. "மண்டோர் வர்றான்" என்பதற்கும் ஒரு சைகை இருந்தது. அதை இங்கே எழுத முடியாது. தம்பிக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருந்தது.

31 வருடம் அவருடைய காதைத் தேய்த்த அதே இடம்தான் அவர் கண்ணையும் இப்படித் தீட்டியிருக்கிறது. இதை ஓர் ஈடாக நான் நினைக்கவில்லை. காதுக்கு அடைப்பான் கொடுத்திருந்தால் இரண்டும் இருந்திருக்கும். இன்றைக்கு இரைச்சல் உள்ள இடத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஆலையானாலும் சரி, இசைக்கூடமானாலும் சரி, அடைப்பானைச் சுமையாக நினைக்க வேண்டாம். போன மயிரணு திரும்பி வராது.

அன்று இரவு அறையில், போர்வைக்குள் உட்கார்ந்து பட்டியல் எழுதினோம். பறவை பார்ப்பவர்கள் கண்ணில் படாமல் குரல் மட்டும் கேட்டவற்றையும் கணக்கில் சேர்ப்பது உண்டு. அப்பா அதை ஒத்துக்கொள்ளவில்லை. பார்த்தால்தான் கணக்கு என்றார். அதன்படி காட்டுப் பறவைகளில் என் பட்டியலில் 34, அவருடையதில் 19. ஓடைப் பறவைகளில் எனக்கு 8, அவருக்கு 9. அந்த ஒன்பதாவது கொண்டை மீன்கொத்தி. புறாவைவிடப் பெரியது, உடல் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் புள்ளி. நான் நீர்முழுகியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அது ஆற்றின் மேலே சத்தமே இல்லாமல் கடந்து போயிருக்கிறது.

பேனாவை மூடிவிட்டு அவராகவே பேசினார். "அந்தக் குருவிங்க பாரு, எதிர்ல வந்து நிக்குது, வாலை ஆட்டுது, அப்புறம்தான் பேசுது. நீங்களும் அப்படிப் பேசினா எனக்குப் புரியும்மா. அடுப்படியில இருந்து கத்தாதீங்க. கத்தினா இன்னும் புரியலை."

"அந்த மெஷினையும் ஒரு தடவை பார்ப்போமாப்பா?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டெசியான்னியே, அது எப்படித்தான் கத்தும்?" என்று கேட்டார். நான் வாயைக் குவித்துச் செய்து காட்டினேன். அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு

மார்ச் மாதம் காது பரிசோதனைக்குப் போனோம். ஒலி புகாத சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முடிவில் ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்தார்கள். இடது பக்கம் தாழ்ந்த ஒலிகள், வலது பக்கம் உயர்ந்த ஒலிகள். அப்பாவின் கோடு இடது பக்கம் ஓரளவு சமமாகப் போய், பாதிக்கு மேல் சடாரென்று கீழே விழுந்தது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காத்கோதாம் ரோடு மாதிரியே இறங்குது" என்றார்.

கருவி வாங்கியாயிற்று. முதல் வாரம் பிளாஸ்டிக் பை சத்தமும் தட்டு சத்தமும் பெரிதாகக் கேட்கிறது என்று கழற்றிக் கழற்றி வைத்தார். பழக்கப்பட நாளாகும், ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரமாகக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். இப்போது காலையில் போட்டுக்கொண்டு வெளியே போகிறார். கருவி போட்டால் பழைய காது வந்துவிடும் என்று யாரும் நினைக்கக் கூடாது. தேன்சிட்டு கேட்கிறதா என்று கேட்டால், "ஏதோ ஒன்னு கேட்குது" என்கிறார். கதிர்க்குருவிகளில் சில அவருக்கு இனி எப்போதும் கேட்காது.

வீட்டில் எங்களுக்கும் சில பழக்கங்கள் வந்துவிட்டன. பேசுவதற்கு முன் விசிறியைக் குறைக்கிறோம், டிவியை நிறுத்துகிறோம். எதிரில் போய் நின்று, கையை லேசாக ஆட்டி, அவர் பார்த்த பிறகு பேசுகிறோம். சாப்பாட்டு மேசையில் அவர் இடம் மாறிவிட்டது. சுவரோரம் உட்கார்ந்தால் எல்லார் முகமும் தெரிகிறது. என் அக்கா பிள்ளைகள் கொதிகலன் பாஷையைக் கற்றுக்கொண்டு, பெரியவர்களுக்குத் தெரியாமல் தாத்தாவோடு பேசிக்கொள்கிறார்கள்.

இமயமலைக்குப் போக முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். நம் மலைக்காட்டு ஓடைகளிலும் முள்வாலிகள் உண்டு. ஃபிரேசர் மலையில் காலை நேரத்தில் ஓடைப் பக்கம் அசையாமல் உட்கார்ந்தால் பார்க்கலாம். குளிக்கப் போகும் கூட்டம் வருவதற்கு முன்பு போக வேண்டும். காது மந்தமான பெரியவர் வீட்டில் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். முன்னால் உட்காரவையுங்கள்.

போன வாரம் அப்பாவுக்கு ஒரு புது விஷயம் சொன்னேன். சபா, சரவாக் காட்டில், அருவிப் பக்கம் வாழும் ஒரு வகைத் தவளை, இரைச்சலில் கத்திப் பயனில்லை என்று பின்னங்காலைத் தூக்கி, விரல்களை விரித்து, நடுவில் இருக்கும் வெளிறிய சவ்வைக் கொடி காட்டுவது போலக் காட்டும். அதே போர்னியோ ஓடைகளில் இன்னொரு தவளை, மனிதக் காதுக்கே எட்டாத உயரத்தில் கத்தும்.

"மனுசக் காதுக்கே கேட்காதா?"

"கேட்காதுப்பா."

"உனக்கும் கேட்காது?"

"எனக்கும் கேட்காது."

"அங்க ஒரு தடவை போகணும்லா" என்றார்.